கடலை போட்ட கேரமல் பாப்கார்ன்: செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போனவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டவை, செய்து பார்த்துவிட்டுப் பாதி வேலையில் போனில் கூப்பிட்டுக் கேட்டவை, எல்லாம் கலந்துதான் இங்கே இருக்கின்றன. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்துப் பழகிய கை உங்களுடையது என்றால் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். பொரி, பாகு, கடலை என்று இரண்டிலும் சேர்மானம் ஒன்றுதான். இதில் வெண்ணெயும் ஆப்பசோடாவும் கூடுதல், உருண்டை பிடிக்கும் வேலை கிடையாது.

முதலில் அளவைச் சொல்லுங்கள்.

பாப்கார்ன் சோளம் 100 கிராம், அதைப் பொரிக்க எண்ணெய் 3 மேசைக்கரண்டி. பாகுக்கு நாட்டுச்சர்க்கரை 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், தேன் அல்லது கார்ன் சிரப் 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி. வறுத்த வேர்க்கடலையோ முந்திரியோ 150 கிராம். வெனிலா இருந்தால் ஒரு தேக்கரண்டி, இல்லாவிட்டாலும் குறைவில்லை.

சோளம் 100 கிராம்தானா என்று நினைக்காதீர்கள். பொரிந்த பிறகு பெரிய குண்டான் நிறைய வரும், ஏறக்குறைய 15 கப். கலக்க இடம் வேண்டும் என்பதால் வீட்டிலேயே பெரிய பாத்திரமாக எடுத்து வையுங்கள். சின்னப் பாத்திரத்தில் ஆரம்பித்துவிட்டு, பாகு கொதிக்கும்போது பெரிய பாத்திரம் தேடி அலமாரியைக் குடைந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாதாரண மக்காச்சோளத்தைக் காயவைத்துப் பொரிக்கலாமா?

பொரியாது. வெடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய் பிளக்கும், அவ்வளவுதான். பாப்கார்னுக்கென்றே ஒரு வகை மக்காச்சோளம் இருக்கிறது. அதன் தோல் கெட்டி, நீராவி கசியாது. முத்துக்குள் 14 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், மாவுச்சத்து கூழாகும். 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் தோலால் தாங்க முடியாமல் வெடிக்கும். கூழ் நுரைத்து வெளியே வந்து அந்த நொடியிலேயே உறைந்துவிடும். நாம் தின்னும் வெள்ளைப் பஞ்சு அதுதான்.

மளிகைக் கடையில் ‘பாப்கார்ன் சோளம்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலும் கிடைப்பது இறக்கை விரித்த மாதிரி பொரியும் பட்டாம்பூச்சி வகை. உருண்டையாகப் பந்துபோலப் பொரியும் காளான் வகையும் உண்டு. கேரமல் பாப்கார்ன் போட்டு விற்கிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள், கிளறும்போது உடையாது என்பதால். வீட்டுக்குப் பட்டாம்பூச்சியே போதும், மெதுவாகக் கிளறினால் சரி. அதன் மடிப்புகளில் பாகு தங்கி நிற்பது எனக்கு என்னவோ கூடுதல் ருசியாகத்தான் படுகிறது.

மசாலா கலந்த உடனடி பாக்கெட்டை வைத்துச் செய்யலாமா?

வெறும் உப்பு போட்டதென்றால் செய்யலாம், பாகில் உப்பு போடாதீர்கள். தக்காளி மசாலா, சீஸ் எல்லாம் வேண்டாம்.

குக்கரில் பொரிக்கலாமா?

நம் வீடுகளில் பலரும் குக்கரில்தான் பொரிக்கிறோம். வெயிட், கேஸ்கட் இரண்டையும் கழற்றிவிட்டு, மூடியைப் பூட்டாமல் மேலே வைத்தால் போதும். பூட்டி வைப்பது ஆபத்து. ஆபத்தில்லாமல் தப்பித்தாலும் பொரி நன்றாக வராது. நீராவி வெளியே போக வழியில்லாவிட்டால் அது பொரியிலேயே இறங்கித் தோல்போல இழுபடும்.

எண்ணெயைக் காயவிட்டு மூன்று முத்து போடுங்கள். மூன்றும் வெடித்ததும் அவற்றை எடுத்துவிட்டு மீதியைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்து, மறுபடி ஏற்றுங்கள். அந்த அரை நிமிடத்தில் எல்லா முத்தும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் சேர்ந்தாற்போல வெடிக்கும். பாத்திரத்தை அடிக்கடி குலுக்குங்கள். இரண்டு வெடிச் சத்தத்துக்கு நடுவே மூன்று நொடி இடைவெளி வந்ததும் இறக்கிவிடலாம். கடைசி நாலு முத்துக்காகக் காத்திருந்தால் அடியில் இருப்பது கருகும்.

எண்ணெய் கடலை எண்ணெய், சூரியகாந்தி, தேங்காய் எண்ணெய் என்று எதுவானாலும் சரி. பொரிக்க மட்டும் வெண்ணெய் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு முன்பே தீய்ந்துவிடும்.

பாதி முத்து பொரியவே இல்லை. ஏன்?

சோளம் பழசாகி ஈரம் குறைந்திருக்கும். பாட்டிலில் பாதி அளவு சோளத்துக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிக் குலுக்கி, மூன்று நாள் வைத்துவிட்டுப் பொரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எப்படியும் கொஞ்சம் பொரியாத முத்து மிஞ்சும். பாகு ஊற்றுவதற்கு முன் அவற்றை எடுத்துவிடுவது இந்த வேலையிலேயே முக்கியமான இடம். வெறும் பாப்கார்னில் முத்து கண்ணுக்குத் தெரியும். கேரமலில் எல்லாமே பழுப்பு, கடலை என்று நினைத்துக் கடித்தால் பல் போகும். பாத்திரத்தை நன்றாகக் குலுக்கினால் முத்தெல்லாம் அடிக்குப் போய்விடும். மேலே இருக்கும் பொரியைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கவிழ்த்துக் கொட்டினால் பயனில்லை.

எந்தக் கடலை போடலாம்? எப்போது போட வேண்டும்?

வேர்க்கடலைதான் என் கட்சி. விலைக்காகச் சொல்லவில்லை, பாகும் வறுத்த கடலையும் சேரும் ருசி கடலை மிட்டாயிலேயே நமக்குத் தெரிந்ததுதானே. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. முந்திரி கொஞ்சம் மெத்தென்று இருக்கும், பாதாம் நறுக்கென்று இருக்கும். பாதாமை மட்டும் இரண்டாக உடைத்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் பாகு வழுக்கிக்கொண்டு ஓடும்.

எதுவானாலும் முன்பே வறுத்திருக்க வேண்டும். ஓவனில் எப்படியும் முக்கால் மணி நேரம் இருக்கப் போகிறதே, பச்சையாகப் போட்டால் அங்கேயே வறுபடாதா என்று ஒருவர் கேட்டார். அந்த மிதமான சூட்டில் பாகு பூசிய கடலை சரியாக வறுபடாது, பச்சை வாடை நிற்கும். அதற்காக முன்பே கரு நிறமாக வறுத்துவிடவும் கூடாது. வறுத்ததும் தோலைத் தேய்த்து ஊதிவிடுங்கள். தோலில் ஒட்டும் பாகு, தோலோடு உரிந்து வந்துவிடும். சுருங்கியது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்கிற நச்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

கடலையைப் பொரியோடு கலந்து வைத்துவிட்டு அதன்மேல் பாகு ஊற்றுவதுதான் சுலபம். பாகில் நேராகக் கொட்டினால் ஆறின கடலை பாகைச் சட்டென்று இறுக்கிவிடும்.

வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச்சர்க்கரையா, வெல்லமா?

மூன்றிலும் வரும், மூன்றும் மூன்று விதம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் பிரவுன் சுகருக்குப் பக்கத்தில் நிற்பது நாட்டுச்சர்க்கரை. மணம் அருமை. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள், மழைக்காலத்தில் செய்பவர்கள், பாதி நாட்டுச்சர்க்கரை பாதி வெள்ளைச் சர்க்கரை என்று போடுங்கள். நான் அப்படித்தான் போடுகிறேன்.

வெல்லம் என்றால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும், மண் இருக்கும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். கருப்பட்டியும் இப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு முறை சுக்குப்பொடி சேர்த்துச் செய்தேன். குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள்.

ஸ்டீவியா போட்டுச் செய்யலாமா?

முடியாது. இங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, உறைந்து மொறுமொறுவென்று ஆவதே அதுதான். ஸ்டீவியாவில் பாகே வராது.

பாகு பதம் எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, சர்க்கரை, தேன், உப்பு போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். சர்க்கரை கரைந்து ஓரமெல்லாம் கொதி வந்ததும் கிளறுவதை நிறுத்திவிட்டுத் தீயைக் குறையுங்கள். அங்கிருந்து நாலைந்து நிமிடம். ‘நாலு நிமிடம்’ என்று எழுதிவிடலாம், ஆனால் உங்கள் அடுப்பும் என் அடுப்பும் ஒன்றில்லை. நிமிடத்தை நம்புவதைவிடத் தண்ணீரை நம்புங்கள்.

ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். கரைந்து பரவினால் ஒன்றும் ஆகவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டால் அது உருண்டைப் பதம், 115 டிகிரி அளவு. அதிரசத்துக்கு அது சரி, இதற்குப் போதாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே உருண்டை அழுத்தினால் நசுங்காமல் கெட்டியாக நிற்கும், 125 டிகிரியை ஒட்டி இருக்கும். ஓவனில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இங்கே இறக்கலாம், மீதி ஈரத்தை ஓவன் உலர்த்திவிடும். ஓவன் இல்லை என்றால் மேலும் போக வேண்டும். தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும், உடைத்தால் சடக்கென்று ஒடியும். கடலை மிட்டாய்ப் பதம். தெர்மாமீட்டர் வைத்திருந்தால் 148, 150 காட்டும்.

நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்லலாமா? வெள்ளைச் சர்க்கரையில் ஓரளவு சொல்லலாம். நாட்டுச்சர்க்கரை முதலிலிருந்தே பழுப்பு, அது ஏமாற்றும். அதை நம்பி அவசரமாக இறக்கியதால்தான் நான் முதன்முறை செய்தது சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்தது.

‘டங்’ சத்தத்தைத் தாண்டினால் கருகல்தான். அதனால் சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். தண்ணீரில் விட்டு எடுப்பதற்குள் பாகு ஒரு படி மேலே போய்விடும்.

பாகு மணல் மணலாக ஆகிவிட்டது.

பூத்துவிட்டது. கொதி வந்த பிறகும் கிளறிக்கொண்டே இருந்திருப்பீர்கள், அல்லது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைப் பருக்கை உள்ளே விழுந்திருக்கும். ஒரு பருக்கை போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் மறுபடி சர்க்கரையாகிவிடும். தேனோ கார்ன் சிரப்போ சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். இரண்டும் இல்லாவிட்டால் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஜாங்கிரிப் பாகுக்கு விடுகிற அதே எலுமிச்சைதான்.

பூத்துப்போனதை எறிய வேண்டாம். கால் டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்து, முதலிலிருந்து காய்ச்சுங்கள்.

ஆப்பசோடா எதற்கு? விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிட்டால் கண்ணாடிபோலக் கெட்டியாக உறையும், கடித்தால் பல்லுக்கு வேலை. சோடா விழுந்ததும் பாகில் கரியமிலவாயு கிளம்பி நுரைக்கும். அந்த நுண்ணிய குமிழ்கள் பாகோடு உறைவதால் வாயில் வைத்ததும் பொடிந்து போகும். நிறமும் ஒரு படி கூடும். நுரைத்த பாகு அளவிலும் பெருகுவதால் பொரி முழுக்கப் பரவ வசதி.

அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் காலியிடம் இருக்கட்டும், குபுக்கென்று பொங்கும். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு ருசி அடிக்கும். பேக்கிங் பவுடர் இதற்கு மாற்று இல்லை.

வெண்ணெய்க்குப் பதில் நெய்?

நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தப் பாகின் பட்டர்ஸ்காட்ச் மணம் வெண்ணெயிலுள்ள பால் சத்து சர்க்கரையோடு சேர்ந்து சிவப்பதால் வருவது. நெய் காய்ச்சும்போது அந்தச் சத்தைத்தான் கசண்டாக அடியில் விட்டுவிட்டோமே. அதோடு நெய் பாகோடு ஒட்டாமல் மேலே மிதக்கவும் பார்க்கும். வீட்டு வெண்ணெய் தாராளமாகப் போடலாம். மோர் புளிப்பு போக இரண்டு தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஓவனில் எப்படி? ஓவனே இல்லாவிட்டால்?

ஓவன் என்றால் 120 டிகிரி, 45 நிமிடம். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, பாகு கலந்த பொரியைப் பரப்பி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் புரட்டுங்கள். முதல் முறை புரட்டும்போதுதான் பாகு இளகிப் பொரியின் எல்லாப் பக்கமும் ஏறும். அதனால் அடுப்படியில் கலக்கும்போது திட்டுத்திட்டாக இருந்தால் கவலை வேண்டாம்.

ஓவன் இல்லாவிட்டால் பெரிய இரும்பு வாணலி. பாகை ‘டங்’ பதம்வரை காய்ச்சி, சோடா போட்டு, வாணலியில் வெதுவெதுப்பாக இருக்கும் பொரியின் மேல் ஊற்றி, சிம்மில் வைத்து இரண்டு கரண்டியால் மூன்று நாலு நிமிடம் புரட்டுங்கள். பொரி சூடாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள், ஆறின பொரியில் பாகு ஊற்றிய இடத்திலேயே கட்டிக்கொள்ளும். அப்புறம் எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, சூடு இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். ஆறின பிறகு பிரித்தால் பொரி உடையும்.

மறுநாளே நமுத்துப்போய்விட்டது.

மூன்றில் ஒன்று. பதம் போதாமல் இறக்கியிருப்பீர்கள், சூடு ஆறுமுன் டப்பாவில் போட்டிருப்பீர்கள், அல்லது திறந்த டப்பாவோடு டிவி பார்த்திருப்பீர்கள். முழுசாக ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ‘கொஞ்ச நேரம் தட்டிலேயே இருக்கட்டும்’ என்று நவம்பர் மழையில் விட்டால் அதுவே நமுத்துப்போகும். ஃப்ரிட்ஜும் வேண்டாம். நமுத்ததை 120 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

நன்றாக மூடி வைத்தால் பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் பொரி நன்றாக இருந்தாலும் கடலையில் சிக்கு வாடை தட்ட ஆரம்பிக்கும்.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

நாலு வயதுக்குள் வேண்டாம். பாப்கார்ன், முழுக் கடலை இரண்டுமே மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. பள்ளிக்கூடத்துக்கோ விருந்துக்கோ கொடுத்தனுப்பினால் உள்ளே என்ன கடலை என்று டப்பாமேல் எழுதி ஒட்டுங்கள், கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். வேர்க்கடலை பருப்பினம், முந்திரியும் பாதாமும் மரத்துக் கொட்டைகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாகு கையில் பட்டுவிட்டால்?

கொதிக்கும் தண்ணீரைவிட மோசம். சூடும் அதிகம், தோலில் ஒட்டிக்கொண்டு இறங்காது. உடனே குழாயடியில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், தண்ணீரில் தானே கரையும். தோசை மாவு, பேஸ்ட், பேனா மை எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். பாகு ஊற்றும்போது பிள்ளைகள் அடுப்படியில் வேண்டாம், புரட்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இதை முதலில் யார் செய்தார்கள்?

பொரியில் இனிப்பைக் கலக்க யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடலை போட்ட கேரமல் பாப்கார்னைக் கடைச்சரக்காக்கிப் பேர் வாங்கியது சிகாகோவின் கிராக்கர் ஜாக். ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய ஃபிரெடெரிக் ரூக்ஹைமும் தம்பி லூயிஸும் பாப்கார்ன், வேர்க்கடலை, மொலாசஸ் என்கிற கரும்பாகு மூன்றையும் சேர்த்து விற்றார்கள். 1896இல் அந்தப் பெயர் வந்தது. பொரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தவிர்ப்பதுதான் அவர்களுக்கும் தலைவலியாக இருந்ததாம். 1912இலிருந்து பெட்டிக்குள் ஒரு சின்னப் பொம்மை வைத்தார்கள். அப்புறம் பிள்ளைகள் எதற்காகக் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேரமல் பாப்கார்னுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்களே, நிஜமா?

2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு வந்த விளக்கம் அது. உப்பு, மசாலா போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5, பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் அடைத்தால் 12, கேரமல் சேர்த்தால் அது மிட்டாய்க் கணக்கு, ஆகவே 18 என்று அப்போது சொன்னார்கள். 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளையே மாற்றி அமைத்தார்கள். அந்த 2024 டிசம்பரில் வந்த மீம்கள் மட்டும் இன்னும் குடும்ப வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சமையல்காரியாகக் கேட்டால், பாகு ஏறியதும் பொரி மிட்டாயாகிவிடுகிறது என்ற தர்க்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடலாம்?

மேலே சொன்ன அளவைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சர்க்கரை மட்டும் 20 கிராம், தேன், வெண்ணெய் தனி. இரண்டு பேர் ஒரு படத்தோடு முடித்துவிடுவதும் உண்டு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தில் பாகு கல்லாக ஒட்டிவிட்டது. கத்தியால் சுரண்டவா?

சுரண்ட வேண்டாம். பாகு ஒட்டிய உயரத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றி, கரண்டியையும் அதிலேயே போட்டு, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிடும். வெண்ணெய் கலந்த தண்ணீர் என்பதால் குழாயில் அப்படியே கொட்டாமல், ஆறவிட்டு மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு ஊற்றுங்கள்.